ஆலயத்தின் வாசற்படி: ஒரு கட்டடப் பொறியாளரின் பார்வை

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் பேசும்போது, "தொழில்ல நீங்க செஞ்ச ஒரு வேலையப் பத்திச் சொல்லுங்க. பாலம், பெரிய கட்டடம்னு ஏதாவது இருக்கும்ல" என்றார். இருக்கிறது. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஐந்தரை மீட்டர்கூட முழுசாக இல்லாத ஒரு சாய்தளத்தைப் பற்றி. சாய்தளம் என்றால் நம் எல்லோருக்கும் தெரிந்த ‘ராம்ப்’தான். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் ஆலயத்தில் அதைக் கட்டினோம். இங்கே எல்லா மதத்தினரும் இருக்கிறீர்கள். நான் ஆலயம் என்று சொல்லும்போது, நீங்கள் போகிற கோயிலையோ பள்ளிவாசலையோ நினைத்துக்கொள்ளுங்கள். வாசற்படி எல்லா மதத்துக்கும் பொது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருப்பதும், காது கேளாத பிள்ளைகளுக்கான பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி இருப்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். மிஷனரிப் பெண்களின் உழைப்பால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பணிகள் அவை. அரசாங்கமோ சமுதாயமோ இப்பிள்ளைகளைத் திரும்பியும் பார்க்காத காலத்தில் திருச்சபை பார்த்தது. பள்ளி கட்டியது, விடுதி கட்டியது, தொழில் கற்றுத் தந்தது. அந்தப் பெருமை நமக்கு உண்டு.

ஆனால் அதே திருச்சபை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற தன் சொந்த வீட்டுக்கு ஏழு படி வைத்துக் கட்டியது. உயரத்தில் இருந்தால்தான் ஆலயத்துக்கு அழகு என்பது அன்றைய எண்ணம். ஆக, அவர்களுக்கென்று தனி இடம் கட்டிக் கொடுத்தோம். நம் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தோமா என்றால், இல்லை. தர்மம் செய்வதற்கும் வரவேற்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இன்று நான் சொல்ல வந்ததும் இது ஒன்றுதான்.

எங்கள் ஆலயத்துக்கு முன்வாசலில் ஏழு படி. ஒவ்வொன்றும் 15 செ.மீ. சாய்தளம் வேண்டும் என்று ஆயர் சேகரக் கமிட்டியில் பேச்சை எடுத்தார். நான் பொறியாளன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கமிட்டியில் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள்; யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் நாலு ஆட்சேபணை வந்தது. இந்த நாலையும் நீங்கள் எந்த ஊர் ஆலயத்திலும் கேட்கலாம்.

முதலாவது, "பழைய கட்டடம், அழகு கெட்டுப்போகும்." இரண்டாவது, "பணம் எங்கே இருக்கு?" மூன்றாவது, "நம்ம வாலிபப் பையங்க இருக்காங்களே, யார் வந்தாலும் சேரோட தூக்கிட்டு வந்துருவாங்க." நாலாவதுதான் பெரிய ஆட்சேபணை: "வீல்சேர்ல யாருமே வர்றதில்லையே, யாருக்காகக் கட்டணும்?"

பணத்துக்குப் பதில் சுலபமாகக் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குக் கோபுரத்தில் சீரியல் விளக்கு போடுகிற செலவைப் பொருளாளரே எடுத்து வாசித்தார். அதைவிடச் சாய்தளச் செலவு குறைவு.

தூக்கிக்கொண்டு வருவதைப் பற்றி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் போய்க் கேட்டேன். பக்கவாதம் வந்து நாலு வருஷமாக ஆலயத்துக்கு வராதவர். சபையில் பாதிப் பேர் அவரிடம் எழுத்துக் கூட்டப் படித்தவர்கள். அவர் சொன்னார்: "தம்பி, தூக்குறதுக்கு ஆள் இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா வாரா வாரம் நாலு பேர்கிட்ட கேக்கணுமே. நான் பிரம்பால அடிச்ச பயலுவ. வயிறு வலிச்சா, பாதில எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும்னாலும் அவனுவள்ட்டதான கேக்கணும்? அதுக்கு வீட்ல இருந்தே செல்போன்ல ஆராதனையப் பாத்துக்கிடலாம்."

தூக்குகிறவனுக்கு அது அன்பு. தூக்கப்படுகிறவருக்கு அது ஒவ்வொரு வாரமும் ஒரு விண்ணப்பம். ஆலயத்துக்கு வர விண்ணப்பம் போட வேண்டிய ஒருவரை நாம் வரவேற்றிருக்கிறோம் என்று சொல்ல முடியுமா?

இங்கே ஒரு வேதாகமச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு சுமந்து வந்தார்கள். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் உள்ளே போக வழியில்லை. கூரைமேல் ஏறி, கூரையைப் பிரித்து, அவனைக் கீழே இறக்கினார்கள். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஒரு பொறியாளனாகப் பார்த்தால், ஒரு மாற்றுத்திறனாளிக்காகக் கட்டடத்தையே மாற்றிய கதை அது! இன்னொன்றும் கவனியுங்கள். அவனைத் தடுத்தது சுவர் அல்ல, கூட்டம். உள்ளே இடம் பிடித்துக்கொண்ட பக்திமான்கள்தான் வழியை மறித்தார்கள்.

இனி நாலாவது ஆட்சேபணை. வருவதில்லை, அதனால் கட்ட வேண்டாம் என்கிறோம். கட்டவில்லை, அதனால் அவர்கள் வருவதில்லை. கோழியா முட்டையா என்கிற புதிர் இல்லை இது. படிதான் முதலில் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். மக்கள்தொகையில் 2.21 சதவீதம். எங்கள் சபையில் 600 பேர் என்றால், அந்தக் கணக்குப்படியே 13 பேர் இருக்க வேண்டும். வயோதிகத்தால் முட்டி தேய்ந்தவர்கள், காது மங்கியவர்கள் எல்லாம் இதற்கு மேல். ஆயரும் நானும் சபைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் பெயர் சொல்லிப் பார்த்தோம். 13ஐத் தாண்டிவிட்டது. ஞாயிறு அன்று நான் ஆலயத்தில் கண்டது 2 பேரை.

கணக்கு போட்டு முடித்ததும் கமிட்டி ஒப்புக்கொண்டது. பிறகு வேலை.

சாய்தளம் என்பது படிமேல் சிமெண்டை வழித்துவிடுகிற வேலை இல்லை. பல இடங்களில் பைக் ஏற்றுகிற சறுக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வீல்சேர் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஏறினால் சேர் பின்னால் சாயும். இறங்கினால் ஆள் முன்னால் விழுவார். 12க்கு 1 என்பது விதி. 1 செ.மீ. உயர 12 செ.மீ. நீளம் வேண்டும். முன்வாசலில் ஏழு படி, 105 செ.மீ. உயரம். அதற்கு 12.6 மீட்டர் நீளம். 75 செ.மீ. உயரத்துக்குள் 1.5 மீட்டருக்கு ஒரு சமதளம் விட வேண்டும்; கை ஓய்ந்தவர் நின்று மூச்சு வாங்குவதற்கு. மொத்தம் 14 மீட்டருக்கு மேல் போகும். முன்வாசலில் அவ்வளவு இடம் இல்லை.

வடக்கு வாசலில் தரை மேடாக இருந்ததால் மூன்றே படி. 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் போதும். ஆனால் அங்கே எனக்கு ஒரு தயக்கம். எல்லோரும் முன்வாசலில் வர, இவர்கள் மட்டும் பக்கவாட்டுக் கதவில் வருவதென்றால் அது மறுபடியும் தனிப்பந்திதானே? ஆயர் ஒரு வழி சொன்னார். "வடக்கு வாசலையே எல்லாருக்கும் வாசலாக்கிடுவோம்." பாட்டுப் புத்தகம் கொடுக்கிற மேசையையும், வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கிறவர்களையும் அங்கே மாற்றினார். செருப்பு விடுகிற இடமும் அந்தப் பக்கம் வந்தது. இப்போது பாதிச் சபை அந்த வழியாகத்தான் வருகிறது. செலவே இல்லாத இந்த மாற்றம் என் வரைபடத்தில் இல்லாதது.

அகலம் 1.2 மீட்டர் வைத்தோம். இருபக்கமும் கைப்பிடி, சக்கரம் விளிம்பு தாண்டாமல் ஒரு சின்னத் திட்டு, மழையில் வழுக்காத சொரசொரப்புக் கல். நம் ஊரில் பளபளவென்று கிரானைட் போட்டால்தான் மரியாதை. ஈரமானால் அதில் நல்ல காலே நிற்காது. வாசல் நிலை 90 செ.மீ. அகலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டி முடித்த முதல் வாரம் அதன் அடியில் மூன்று மோட்டார் சைக்கிள் நின்றன. இரண்டாம் வாரம் செருப்புக் குவியல். சாய்தளத்தைக் கட்டுவது ஒரு மாத வேலை. அதைக் காலியாக வைத்திருப்பது ஆயுள் முழுக்கச் செய்கிற வேலை என்று தெரிந்துகொண்டோம். அதற்கென்று வாலிபர் சங்கத்தில் ஒரு தம்பியை நியமித்தோம்.

முதலில் அதில் ஏறியவர்கள் யார் தெரியுமா? முட்டிவலிக்காரப் பாட்டிமார். அடுத்து, கைப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த தாய்மார். ஓர் அடக்க ஆராதனையில் பெட்டியைச் சுமந்து வந்தவர்களும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். ஒருவருக்காகக் கட்டுவது ஊருக்கே உதவும். ஆனால் வாத்தியார் ஐயா வரவில்லை.

போய்க் கேட்டேன். "ராம்ப் கட்டிட்டீய, சரி. பண்டிகை ஆராதனை மூணு மணி நேரம் போகும். நடுவுல ஒண்ணுக்கு வந்தா எங்க போக?" என்றார். எத்தனையோ பேர் வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. ஆலய வளாகத்தில் ஒரு கழிப்பறையை இடித்து அகலமாக்கினோம். சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், வெளிப்பக்கம் திறக்கிற கதவு, பக்கச் சுவரில் பிடிமானக் கம்பி, உட்கார்ந்து போகும் கோப்பை. அதற்கடுத்த ஞாயிறு ஐயா வந்தார்.

வந்தவர் எங்கே உட்காருவது? வழக்கமாக வீல்சேரை முன்னாலோ கடைசியிலோ நிறுத்துவோம். முன்னால் நிறுத்தினால் காட்சிப்பொருள். கடைசியில் நிறுத்தினால் விருந்தாளி. நடுவரிசையில் இரண்டு பெஞ்சுகளை ஒரு மீட்டர் குட்டையாக அறுத்தோம். இப்போது அவர் தன் மனைவி பக்கத்தில், பேரப்பிள்ளைகளோடு உட்காருகிறார். தச்சருக்கு அரைநாள் கூலி, அவ்வளவுதான்.

சக்கர நாற்காலியோடு விஷயம் முடிந்துவிடாது. கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள ஆலயத்தில் சத்தம் எதிரொலித்து ஒன்றோடொன்று குழம்பும். காதுக் கருவி அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். சத்தத்தைக் கூட்டினால் தீராது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. சில வரிசைகளைச் சுற்றிச் செம்புக் கம்பியை வளையமாக ஓட்டி, அதற்கான பெருக்கி வழியாக மைக்கின் ஒலியை மின்னோட்டமாக அதில் செலுத்தினால் காந்தப்புலம் உண்டாகும். ‘டி’ வசதியுள்ள காதுக் கருவி அதைப் பிடித்து, பிரசங்கியார் காதருகே பேசுவதுபோல் தரும். நம் மின்னியல் துறைத் தம்பிகள் ஒரு செமஸ்டர் புராஜெக்டாகச் செய்யலாம்.

சுத்தமாகக் காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். பின்வெளிச்சத்தில் முகமும் கையும் கறுத்துப்போகும். பார்வையில்லாதவர் வந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு வருவார். பாட்டு எண்ணை மட்டும் பலகையில் எழுதிப் போடாமல், முதல் வரியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகனுக்கு ஆட்டிசம். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தம்மா ரொம்ப நாளாக வெளியே வேப்பமரத்தடியில் நின்றுதான் ஆராதனை கேட்டார். இதற்கு எந்த எஞ்சினியரும் தேவைப்படவில்லை. ஒலிபெருக்கி இல்லாத மூலையில், வடக்கு வாசல் பக்கம் இரண்டு இருக்கை ஒதுக்கினோம். எழுந்து போகலாம், வரலாம். ஆயர் சபையைப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார்: "பிள்ளை சத்தம் போட்டா யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது."

இதோடு சேர்ந்தது நம் வாய். "ஐயோ பாவம்" என்கிறோம். கேட்காமலே தலையில் கைவைத்துச் சுகமாக வேண்டும் என்று ஜெபிக்கிறோம். போலியோ வந்த ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "அண்ணே, எனக்கு வேலைக்காக ஜெபிக்கணும், கல்யாணத்துக்காக ஜெபிக்கணும். வர்றவங்க எல்லாரும் என் காலுக்கு மட்டுமே ஜெபிக்கிறாங்க." ஜெபம் நல்லதுதான். எதற்காக என்று முதலில் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இளைய பொறியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயலாமை வகைகள் 7. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21. இந்தச் சட்டம் ‘பொதுக் கட்டடம்’ என்பதற்குத் தருகிற விளக்கத்தில் சமயக் காரியங்களுக்குப் பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடமும் அடங்கும். தனியாருடையதாக இருந்தாலும் சரி. ஊனமுற்றோர் உரிமைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம்கூட சமய அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்தது. நம் சட்டம் கொடுக்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கட்டுகிற சாய்தளத்தின் அடியில்தான் மோட்டார் சைக்கிள் நிற்கும் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. உள்ளே வர வழி, உட்கார இடம் இரண்டும் கொடுத்தாயிற்று. மூன்றாவதாக ஒன்று உண்டு: செய்ய வேலை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தை முன்நின்று உருவாக்கினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அன்று அவரைப் பார்த்து இரக்கப்படுவதோடு நிறுத்தியிருந்தால், அதற்குப் பின் நடந்து வீடு திரும்பிய எத்தனை பேர் படுக்கையிலேயே கிடந்திருப்பார்கள்!

எங்கள் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிற மேசை இரண்டு படிக்கு மேலே இருந்தது. அதைத் தரைக்கு இறக்கி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி மாற்றினோம். வாத்தியார் ஐயா மாதம் ஒருமுறை வாசிக்கிறார். பக்கவாதத்தால் நாக்கு கொஞ்சம் இழுக்கும், மெதுவாகத்தான் வரும். சபை காத்திருக்கிறது. திருவிருந்தில் பீடத்தின் படியேறி முழந்தாள்படியிடுவது எங்கள் வழக்கம். முடியாதவர்களுக்குக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுப்போம். இப்போது ஆயர் முதலில் கீழே இறங்கி வந்து, தரையில் நிற்கிற எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் மேலே போகிறார். இதை இன்னும் ஒப்பாத பெரியவர்கள் இருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, அடுத்த வாரம் நீங்கள் தொழப் போகிற இடத்துக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். படிகளை எண்ணுங்கள், கதவை அளந்து பாருங்கள், கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். இரண்டு, திட்டம் போடுவதற்கு முன்னால், வராமல் இருக்கிற ஒருவர் வீட்டுக்குப் போய், என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். என் தொழிற்கல்வி எனக்குச் சொல்லித் தராததை எல்லாம் அவர்கள்தான் சொல்லித் தந்தார்கள்.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த மாணவர்கள் நாளைக்கு நம்மைப்போல முன்னாள் மாணவர்கள் ஆவார்கள். அவர்களில் ஒருவரைப் பேச அழைப்பீர்கள். நான் இப்போது நிற்கிற இந்த மேடைக்கு ஐந்து படி. வரும்போது எண்ணினேன். சங்கம் தொகையை ஒதுக்கினால், வரைபடமும் மேற்பார்வையும் என் பொறுப்பு. கூலி வேண்டாம்.